அப்பாவுக்கு ஒரு உண்ணிக்குச்சி நாற்காலி

போன மார்கழியில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி தேடி அலைந்தோம். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது, முதுகு வலி, பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார மாட்டார். கிருஷ்ணகிரியில் ஏறி இறங்காத ஃபர்னிச்சர் கடை இல்லை. குஷன் வைத்தது எல்லாம் புதைகிறது. தேக்கில் செய்தது திண்ணைக்கும் வாசலுக்கும் மாற்றிப் போட முடியாத கனம். அப்போதுதான் தளியில் வேலை பார்க்கும் சித்தி மகள் சொன்னாள், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வழியில் ஒரு கொட்டகை இருக்கு, உண்ணிச்செடிக் குச்சியில் நாற்காலி செய்கிறார்கள், ஒரு தடவை போய்ப் பாரு என்று. ஆடு கூட வாய் வைக்காத செடியில் நாற்காலியா என்று கேட்டேன். போய்ப் பாரு என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலி வீட்டுக்கு வந்து இப்போது ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாங்கின உடனே எழுதியிருந்தால் அழகைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். உட்கார்ந்து பழகிய பிறகு எழுதுவதுதான் சரி என்று இத்தனை நாள் விட்டுவைத்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்கள் ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ் பிடிக்கலாம். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு பட்டுப்புழு வளர்த்த நீளமான கொட்டகை, சுவரில் பாதி புதுசாக மண் பூசியது, வாசலில் பெரிய புளியமரம். இதை நடத்துகிறவர் ஓவியரா, டிசைனரா, தையல்காரரா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வராது. படம் வரைகிறார், பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து ஆள் உயரப் படமாக்குகிறார், நாற்காலி, கட்டில், கூடை வடிவமைக்கிறார், மண்சுவர் வைக்கவும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் அவர் 'படம் போடற அக்கா'. பஸ்ஸை விட்டு இறங்கி அப்படிக் கேட்டால் சின்னப் பையன் கூட வழி காட்டுவான்.

உண்ணிச்செடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிப் பேச முடியாது. ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸும் கலந்து கொத்துக் கொத்தாகப் பூக்குமே, சின்ன வயதில் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியிருப்போம், கறுப்புப் பழத்தைத் தின்றிருப்போம், அதுதான். லாண்டனா என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் போகிற இடமெல்லாம் போடுகின்றன. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இது பரவியிருக்கிறது என்று 2020-இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது, அதாவது அந்தக் காட்டுப் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கும் அதிகம். இதன் அடியில் புல் முளைப்பதில்லை. இலை மாட்டுக்கு விஷம். காட்டில் புல் குறைந்தால் யானை எங்கே போகும்? ராகிக் கொல்லைக்குத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கதிர் முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கிளம்பி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் கூட்டமாக வந்து போவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வருஷா வருஷம் நடப்பதுதான். யானை வருவதற்கு உண்ணிச்செடி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவை தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழி அது. ஆனால் வழியில் தின்ன எதுவும் இல்லாமல் போனால் கொல்லையில் நிற்கும் நேரம் கூடும் என்பது இங்கே காவல் பரணில் படுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு பொருளுக்கும் விலையும், அந்த விலை யார் யாருக்குப் போகிறது என்பதும் சாக்பீஸில் எழுதியிருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி 4,200 ரூபாய். பின்னியவருக்கு 2,100. குச்சி வெட்டி, வேரோடு பிடுங்கியவர்களுக்கு 900. ஆணி, வண்டிக்கூலி மற்ற செலவு 500. கொட்டகைக்கு 400. வடிவமைத்த அக்காவுக்கு 300. நான் இதுவரை எந்தக் கடையிலும் இப்படிப் பார்த்ததில்லை. பின்னுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பெண்கள். கூலியை முடிவு செய்வது அவர்கள்தான், மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசி எண்ணை மாற்றுவார்களாம். நான் போன அன்று பலகையில் ஒரு எண் அழித்து மேலே திருத்தி எழுதியிருந்தது, கூடைக்குக் கூலி ஏற்றியிருக்கிறார்கள்.

இந்தச் செடியில் பொருள் செய்வது இவர்கள் கண்டுபிடித்தது கிடையாது, அக்காவே முதலில் அதைத்தான் சொன்னார். காவிரிக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் இருபது வருஷமாகச் செய்கிறார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாம் சேர்ந்து இதே குச்சியில் ஆளை விடப் பெரிய யானைகளைக் கட்டி, அவை 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024-இல் அமெரிக்காவிலும் நின்றன. அந்த யானைகளின் படங்களை நானும் போனில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் என் அப்பா உட்காரக் கூடிய ஒன்றை, அவர் பேசும் பாஷையில் பேசிச் செய்து தரும் இடம் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது.

நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வந்த பிறகு, ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கும் போனேன். 900 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. எங்களோடு ஓசூர், தர்மபுரியிலிருந்தெல்லாம் வந்து மொத்தம் பத்து பேர். காலையில் முதல் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தைப் படமாக வரையச் சொன்னார். இது எனக்கு ஒட்டவில்லை. கூட வந்த இரண்டு காலேஜ் பெண்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனால் குறை என்று சொல்லமாட்டேன், அரை மணி நேரமாகக் குறைத்தால் நல்லது.

அதற்கப்புறம் குச்சி வேலை. அதை இன்னொரு நாள் முழுக்கச் செய்யச் சொன்னாலும் செய்வேன். பெரிய தகர டிரம்மில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அடுப்புக்கு விறகும் உண்ணி வேர்தான். விரல் மொத்தத்திலிருந்து மணிக்கட்டு மொத்தம் வரைக்கும் தரம் பிரித்துக் கட்டிய குச்சிகளை அதில் பல மணி நேரம் வேகவிடுகிறார்கள். வெந்த குச்சியை இடுக்கியால் எடுத்து, சாக்கின் மேல் போட்டு, கை தாங்கும் சூட்டில் பட்டையை உரிக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா நுனியில் நகத்தால் ஒரு கீறு கீறி, கட்டை விரலை உள்ளே விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார், வாழைப்பழத்தோல் போலப் பட்டை முழு நீளத்துக்கும் வந்துவிட்டது. உள்ளே குச்சி வெளிர் மஞ்சளாக, வழவழவென்று, அவித்த கடலை மாதிரி ஒரு வாசனையோடு இருந்தது. நான் உரித்தபோது ஒவ்வொரு கணுவிலும் பட்டை அறுந்தது. 'கணுவுல திருப்பு பாப்பா, இழுக்காத' என்றார். திருப்பினேன், வந்தது. அந்த ஈரத்தில்தான் குச்சி வளையும். ஆறிவிட்டால் நிமிர்ந்து நின்றுவிடும், வளைத்தால் ஒடியும். அதனால் உரிப்பவரும் வளைப்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பேச்சும் நிற்பதில்லை. ஒருத்தர் தமிழில் கேட்கிறார், ஒருத்தர் தெலுங்கில் பதில் சொல்கிறார், நடுவில் கன்னடம்.

இந்தக் குச்சியைக் கரையானும் பூச்சியும் சீக்கிரம் அண்டாது என்பார்கள். ஆறு மாதத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூங்கில் தட்டில் மாவு மாவாக உதிர்கிறது, பக்கத்திலேயே இருக்கும் நாற்காலியில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம்.

மதியம் ராகிக்களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. மார்கழி, தையில் இந்தப் பக்கம் வந்து பிதுக்கம்பருப்பு சாப்பிடாமல் போகக்கூடாது. அந்தக் குழம்புக்காகவே 900 கொடுக்கலாம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் உள் அறையில் தொங்கிய துணிப்படத்தைப் பார்த்தேன். அகலம் பத்தடி இருக்கும். ஊரில் வீடு வீடாக வாங்கிய பழைய புடவை, லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஊர்ப்படம். ஏரி நீலப் புடவைத் துண்டு. ராகிக் கொல்லை காவி நிற லுங்கி. காட்டு ஓரத்தில் உண்ணிச்செடி அடைத்த இடமெல்லாம் பூப்போட்ட பாலியஸ்டர், அது எவ்வளவு இடம் என்று பார்த்தால் வயிறு கலங்கும். மாரியம்மன் கோயில், ஊற்று, புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட நடுகல், எல்லாம் அதனதன் இடத்தில் சின்னதாகத் தைத்திருந்தது. அதன் குறுக்கே யானை வந்த தடம் சிவப்பு நூலில். ஒவ்வொரு வருஷமும் ஒரு நூல், பக்கத்தில் வருஷம். ஒரு பாட்டி என்னை அருகில் கூப்பிட்டு, ஓர் இடத்தில் நூலைப் பிரித்துத் திரும்பத் தைத்த தழும்பைக் காட்டினார். முதலில் ஏரிக்குக் கிழக்கே தைத்திருந்தார்களாம். 'ஆனை அப்படி எங்க வந்துச்சு? எங்க வீட்டு வேப்பமரத்தை ஒரசிக்கிட்டு இல்ல போச்சு' என்று இவர் சண்டை போட்டு மாற்ற வைத்திருக்கிறார். கலை என்றால் தூரத்தில் நின்று பார்ப்பது என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அந்தப் பாட்டிக்கு அந்தப் படத்தில் உரிமை இருக்கிறது, தப்பு என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை. அந்தப் படம் விற்பனைக்கு இல்லை. யார் கேட்டாலும் இல்லை என்று ஊரில் கூடி முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு வருத்தம். படத்தின் பக்கத்தில் விளக்க அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போனபோது செய்த அட்டை, அப்படியே மாட்டிவிட்டோம் என்றார் அக்கா. தைத்தவர்களில் ஒருத்தர் கூட அதைப் படிக்க முடியாது என்று நேராகவே சொன்னேன், அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். சித்திரையில் மறுபடி போனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்தில் தமிழிலும் கன்னடத்திலும் அட்டைகள் தொங்கின. ஆங்கில அட்டையைக் கீழே இறக்கியிருந்தார்கள்.

இன்னொரு சந்தேகமும் அவரிடமே கேட்டேன். உண்ணிக்குச்சிக்கு இப்படி விலை வந்துவிட்டால், செடி ஒழியக்கூடாது என்றுதானே எல்லோருக்கும் தோன்றும்? அதோடு மேலே வெட்டினால் மறு மழைக்குக் கொத்தாகத் துளிர்க்கும் செடியாயிற்றே. பதில் சொல்வதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குச்சியை வெட்டியதும் அடிக்கட்டையைச் சுற்றி மண்ணைத் தள்ளி, ஆணிவேரைத் தரைக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் கோடாலியால் வெட்டி, கட்டையைப் பெயர்த்துத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். துளிர்க்கும் பகுதி மேலே பார்த்துக் காய்ந்துவிடும். காய் பழுப்பதற்குள் இதைச் செய்ய வேண்டும், காலியான இடத்தில் நம்ம ஊர்ப் புல் விதை தூவ வேண்டும், அடுத்த இரண்டு மூன்று மழைக்கு முளைக்கும் உண்ணிக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். கரும்பலகையில் குச்சி வெட்டுகிறவர்களுக்கு எழுதியிருந்த 900 ரூபாய் இந்த வேலைக்கும் சேர்த்துத்தான், வேர் பெயர்த்ததைக் காட்டினால்தான் கணக்கு முடிப்பார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது என்பதால் இவர்கள் வேலை எல்லாம் பட்டா நிலத்து ஓரத்திலும் ஊர்ப் பொது நிலத்திலும்தான். சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி சரணாலயம், 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று அறிவித்தது. அந்தப் பரப்புக்கு முன்னால் இவர்கள் சுத்தம் செய்த இடம் ஒரு மூலை. அந்த மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றதை நான் பார்த்தேன், அதில் மாடு மேய்ந்ததையும் பார்த்தேன். அந்நியச் செடிகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. அந்த வேலை இந்தப் பக்கம் வரும்போது, வேரை எந்த ஆழத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்த கை இங்கே இருக்கிறது, அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

இனி நாற்காலி. சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தாமதமாக வந்தது. பொங்கலுக்கு முன் என்றார்கள், தை கடைசியில்தான் வந்தது. யானை நடமாட்டம் இருந்த நாட்களில் குச்சி எடுக்கப் போகவில்லை என்றார்கள், அது நியாயம்தான், ஆனால் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். வந்த நாற்காலியில் இரண்டு பிழை. கைப்பிடிக்கு அடியில் ஒரு ஆணித்தலை துருத்திக்கொண்டு அப்பாவின் வேட்டியைக் கிழித்தது. கைப்பிடி தாழ்வாக இருந்ததால் ஊன்றி எழ முடியவில்லை. போன் செய்தால் சிக்னல் இல்லை, நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தார்கள்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்காலியைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும், நாற்காலியைப் பின்னிய அந்த அம்மாவும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், கட்டைப்பையில் சுத்தியலும் ரம்பமும் ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிகளும். வந்ததும் நாற்காலியைத் தொடவில்லை. 'ஐயா, நீங்க எப்பவும் எப்படி எந்திரிப்பீங்களோ அப்படி எந்திரிங்க' என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். பின்னிய அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், அப்பா இடது கையை மட்டும்தான் ஊன்றுகிறார், வலது தோள்பட்டை தூக்க வராது என்று. அது எங்களுக்கே அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நூலை எடுத்து முழங்காலிலிருந்து தரைக்கு அளந்தார்கள், முழங்கையிலிருந்து இருக்கைக்கு அளந்தார்கள். கைப்பிடி இரண்டையும் இரண்டு அங்குலம் ஏற்றினார்கள், இடது கைப்பிடியின் முனையை மட்டும் முன்னால் இழுத்து, கை அடங்குகிற மாதிரி உருண்டையாக வளைத்துக் கட்டினார்கள். ஆணித்தலைகளை எல்லாம் தட்டி இறக்கி மேலே மெல்லிய குச்சி நார் சுற்றினார்கள். மூன்று மணி நேர வேலை. காசு வாங்கவில்லை. எங்கள் அம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது அப்பா காலையில் பேப்பர் படிப்பது, மத்தியானம் தூங்குவது எல்லாம் அதில்தான். ஒற்றைக் கையால் நான் தூக்கி இடம் மாற்றுகிறேன், அவ்வளவுதான் கனம். இடது கைப்பிடியின் உருண்டை மட்டும் கை பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறியிருக்கிறது. நாற்காலியின் பின்புறம் ஒரு துணிப்பட்டை தைத்திருக்கிறது, அதில் பின்னியவர் பெயரும், குச்சி எந்த ஏரிக்கரை ஓரத்தில் எடுத்தது என்பதும் நூலால் எழுதியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்பா அதைத் திருப்பிக் காட்டாமல் விடுவதில்லை.

மற்ற பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. கூடைகள் நன்றாக இருக்கின்றன, சந்தைக்கு எடுத்துப் போகும் அளவில் உள்ளதை வாங்குங்கள். விளக்குக் கூண்டு 2,800 ரூபாய், பார்க்க அழகு, நம் வீட்டு வெளிச்சத்துக்குப் போதாது, தூசு துடைப்பதும் சிரமம். மாதுளை ஓட்டில் சாயம் போட்ட துண்டு இரண்டு வாங்கினேன், நான்காவது துவைப்பில் நிறம் பாதி போய்விட்டது, அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் முயற்சி செய்யுங்கள். கார்டு எல்லாம் எடுக்காது, காசாகக் கொண்டு போங்கள். செவ்வாய், வெள்ளியில் குச்சி வேகவைப்பார்கள், அந்த நாட்களில் போனால்தான் வேலையைப் பார்க்கலாம். யாருக்கு நாற்காலி என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் அப்பாவை முதலிலேயே கூட்டிப் போயிருந்தால் இரண்டாவது வேலை வந்திருக்காது. ஐப்பசியிலிருந்து மாசி வரை சாயங்காலம் ஐந்துக்குள் அந்தச் சாலையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தங்கச்சி குழந்தைக்குத் தொட்டில் சட்டம் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அளவெடுக்கத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவள் எந்தப் பக்கம் நின்று ஆட்டுவாள் என்று பார்க்க வேண்டுமாம்.